பிணம் எழுந்திருக்காது

வலது முட்டிக்குள் யாரோ உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பதுபோல் இருந்தது கன்னியம்மாவுக்கு. பாயில் உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் காலைத் தூக்கி நீட்டினாள். காய்ந்த மட்டை முறிகிற சத்தம் வந்தது. அடுப்படியில் கூழுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த தம்பி மனைவி பங்கஜவல்லி திரும்பிப் பார்த்தாள்.

“இன்னா அண்ணி, சத்தம் இங்க வரைக்கும் கேக்குது.”

“புருஷன் கால்ல உழுந்த சத்தம்டி.”

“உனுக்கு ஏது புருஷன்?”

“இருவது வருசம், ஊருக்கு ஒருத்தன். மேடையில.”

வேடிக்கைக்குச் சொன்னதில்லை. எந்த நாடகமாக இருந்தாலும் அதில் ஒரு காட்சி உண்டு. புருஷன் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவான். அவள் முட்டி போட்டு விழுந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு பாட வேண்டும். பலகை மேடை. கீழே ஒரு சாக்குகூட இருக்காது. ஜனம் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டால் எழுந்து, மறுபடியும் தள்ளப்பட்டு, மறுபடியும் விழ வேண்டும்.

ஆரணி ஆற்றுப் பாசனத்தில் நாற்று நட்ட குடும்பத்துப் பெண் அவள். பாவாடை கட்டுகிற வயதில் நாடகக் கம்பெனியோடு போனாள். பொன்னேரி, ஊத்துக்கோட்டை, சூளூர்பேட்டை, நாயுடுப்பேட்டை என்று எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லாரியில் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்து சுற்றினாள். நோட்டீசில் ‘ஆரணி கன்னியம்மாள்’ என்று போடுவார்கள். ஒரு திருவிழாவில் மேடைப் பலகை உள்வாங்கி முட்டி பெயர்ந்தது. கம்பெனிக்காரர்கள் அவளை எலும்புக் கட்டுப் போடுகிறவன் வீட்டில் இறக்கிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். அறுபத்து நாலாம் வருஷம் அது. ஒரு தகரப் பெட்டியோடு காக்களூரில் தம்பி சுப்பராயன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை.

ஏறவில்லையே தவிர வாய் அடங்கவில்லை. சுப்பராயன் வேலை பார்த்த, இரும்பை உருக்கி வார்க்கிற வார்ப்படக் கம்பெனி ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஆட்கள் நாடகம் போடுவார்கள். ஒருநாள் ஒத்திகையை வேடிக்கை பார்க்கப் போனவள் பாதியில் எழுந்து கத்தினாள்.

“நிறுத்துங்கடா! டேய், பெத்த அம்மாவாண்ட இப்டியா பேசுவ? ‘தாயே, தங்கள் திருவடி சரணம்’னு உங்க ஊட்டுக்குப் போய் சொல்லிப் பாரு. தொடப்பம் வரும்.”

சிரித்தார்கள். “அப்ப நீயே சொல்லிக்குடு யக்கா” என்றான் ஆர்மோனியக்காரன் கலியன். அன்றிலிருந்து அவள் வாத்தியாரம்மா.

அவள் சொல்லிக்கொடுத்த விதமே வேறு. குரல் எழவில்லை என்றால் உலைக்குக் காற்று ஊதுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்து வசனம் பேசச் சொல்வாள். அந்த இரைச்சலைத் தாண்டி அவள் காதுக்கு வந்தால்தான் விடுவாள். அழச் சொன்னால் எல்லாரும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்குவார்கள். “கையை எடு. அழறவன் மூஞ்ச மூடிக்கினா நாங்க எத்த பாக்கறது? அழாத. அழுகைய உள்ளயே புடிச்சி நிறுத்து. எங்கனா ஒரு எடத்துல பிச்சிக்கினு வரும் பாரு, அதுதான் அழுகை” என்பாள். வேப்பம்பட்டிலிருந்தும் கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்தும்கூட கம்பெனி ஆட்கள் சைக்கிளில் வந்து அவளைக் கூட்டிப்போனார்கள். கூலியாக அரிசியோ கேழ்வரகோ கொடுப்பார்கள். கேரியரில் மூட்டை, அதன்மேல் அவள்.

எழுபத்து மூன்றில்தான் வில்லங்கம் வந்தது. அதுவரை பெண் வேஷத்துக்கு மதராசிலிருந்து ஒரு நடிகையைப் பேசிக் கூட்டிவருவது வழக்கம். நாடகத்தன்று காலை ரயிலில் வந்து, பவுடர் போட்டுக்கொண்டு, யாரோ எழுதிக் கொடுத்த வசனத்தை அரைகுறையாகச் சொல்லிவிட்டுக் கடைசி வண்டிக்கு ஓடுவாள்.

“இந்த வருசம் வாடகைப் பொம்பள வேணாம்” என்றாள் கன்னியம்மா. “நம்ம சாராள் கீறா.”

சாராள் அதே கம்பெனியில் மண் சலிக்கிறவள். வார்ப்பு அச்சுக்கான கருமண்ணில் வெல்லப்பாகுக் கழிவைக் கலந்து மிதிப்பார்கள். சலிக்கிற பெண்களின் மேலெல்லாம் ஈ மொய்க்கும். அவள் கணவன் ஜெயராஜ் உலையில் கரி போடுகிறவன். இரண்டு பேரும் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள்தான். நிலத்துக்காரன் விற்றுவிட்டதும் கம்பெனிக்கு வந்தார்கள்.

“எனுக்கு இன்னாக்கா தெரியும்? ஞாயித்துக்கெழம கோயில்ல பாட்டுப் பாடுவேன், அவ்ளோதான்.”

“புருஷனாண்ட சண்ட போடத் தெரியுமில்ல?”

“அது நல்லாத் தெரியும்” என்றான் ஜெயராஜ்.

அந்த வருஷம் கரண்டு வெட்டு கடுமை. மத்தியானம் போனால் பொழுது சாயும்வரை வராது. ஏரி வறண்டு வெடித்திருந்தது. கசடு கொட்டுகிற மேட்டுக்குப் பின்னால், வேலிக்காத்தான் நிழலில் ஒத்திகை நடந்தது. உலையில் வெந்து செத்த ஒரு தொழிலாளியின் கதை. சாராள் அவனுடைய பெண்டாட்டி. வசனம் ஒரு வரிகூட மனதில் நிற்காத ஜெயராஜைப் பிணமாகப் போட்டாள் கன்னியம்மா.

“புருஷன் இருக்கசொல்ல இன்னொருத்தன் பொணத்தாண்ட அழவுட்டா நல்லா இருக்குமா? அதான் உன்னையே போட்டேன். வசனம் இல்ல. படுத்துக்கினு இரு.”

“மூச்சு வுடலாமா யக்கா?”

“மெல்ல வுடு. வயிறு ஆடுச்சின்னா மிதிப்பேன்.”

சாராளுக்கு முதலில் கை நிற்கவில்லை. தலைப்பை முறுக்கினாள், மூக்கைத் துடைத்தாள். கன்னியம்மா அவள் கையில் சல்லடையைக் கொடுத்துச் சலித்துக்கொண்டே வசனம் சொல்லச் சொன்னாள். பத்து நாள் அப்படி. பிறகு ஒருநாள் சல்லடையைப் பிடுங்கிக்கொண்டாள். வெறுங்கை காற்றில் கொஞ்சநேரம் ஆடி, போக இடமில்லாமல் ஜெயராஜின் மார்பில் போய் விழுந்தது. எதிரே உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவர்கள் வாயை அசைக்காமல் பார்த்தார்கள்.

“அதான்” என்றாள் கன்னியம்மா. “அந்தக் கைய மாத்தாத.”

எங்கள் பக்கத்து நாடகங்களில் ஒரு வழக்கம் உண்டு. காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே ஊர்ப் பெரிய மனிதர் யாராவது மேடைமேல் ஏறி, ஒரு ரூபாய் நோட்டை ஊக்கு வைத்து நடிகையின் ரவிக்கையில் குத்துவார். மைக்கில் அவர் பேரைச் சொல்லி ‘அன்பளிப்பு’ என்று அறிவிப்பார்கள். ஆர்மோனியக்காரன் ஒரு முழக்கம் முழக்குவான். நடிகை வேஷத்தை விட்டு அவரைக் கும்பிட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழவேண்டும்.

“சூளூர்பேட்டையில நான் செத்துக் கெடக்கறேன்” என்று ஒத்திகையில் சொன்னாள் கன்னியம்மா. “கழுத்துல மாலை, மூக்குல பஞ்சு. ஒரு ரைஸ்மில்லுக்காரன் ஏறி வர்றான். பத்து ரூபா. செத்துப்போனவ எழுந்து ஒக்காந்து, பஞ்ச எடுத்துட்டு, அவனுக்குக் கும்புடு போட்டு, மறுபடி பஞ்ச வச்சிக்கினு செத்தேன்.”

எல்லாரும் சிரித்தார்கள்.

“நீங்க சிரிக்கிறீங்க. அன்னிக்கி அங்க ஒருத்தன் சிரிக்கல. அதான் எனுக்கு அவமானம். பொணம் எழுந்து கும்புட்டாக்கூட சிரிக்காத அளவுக்கு ஜனம் பழகிப்போய்ட்டிருக்குது.” காலை மடக்க முடியாமல் நீட்டி உட்கார்ந்தாள். “என் நாடகத்துல எவன் ஏறி வந்தாலும் பொணம் எழுந்துக்காது. அழறவ நிறுத்தக் கூடாது. கலியா, நீ முழக்கம் கொட்டுன, ஆர்மோனியத்த உலையில போட்டுடுவேன்.”

இது சின்னதுரை காதுக்குப் போயிற்று. ஆள் பிடித்துக் கொடுக்கிற மேஸ்திரி அவன். கம்பெனியில் முக்கால்வாசிப் பேர் அவன் கையில் கூலி வாங்குகிறவர்கள். சுப்பராயனும் அப்படித்தான், ஒன்பது வருஷமாக. அச்சில் மண் அமுக்கி அமுக்கி அவன் உள்ளங்கை மரப்பலகையாகிவிட்டிருந்தது. ஆயுத பூஜை கழிந்ததும் கொஞ்சம் பேரைப் பர்மனென்ட் ஆக்கப்போவதாகப் பேச்சு. யாரை என்று முதலாளியிடம் சொல்கிறவன் சின்னதுரை.

ஒரு சாயங்காலம் அவனே சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பங்கஜவல்லி பதறிப்போய் முக்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“இன்னா ஆரணி கன்னியம்மா, சட்டம்லாம் போடறியாமே?”

“சட்டம் இல்ல நைனா. நாடகம்.”

“சாராள் பொண்ணு சோக்கா நடிக்குதுன்னு சொல்றானுங்க. அஞ்சு ரூபா குத்தலாம்னு கீறேன். எல்லாராண்டயும் சொல்லியாச்சு.”

“நல்ல மனசு. நாடகம் முடிஞ்சப்பறம் குடு. அவ கையில குடு.”

“கையில குடுத்தா அது கூலி. மேடையில குத்துனாத்தான் மரியாத.”

“யாருக்கு நைனா மரியாத? உனுக்கா, அவளுக்கா?”

சின்னதுரை சிரித்தான். கோபம் வந்தால் அவன் இன்னும் நன்றாகச் சிரிப்பான். “உனுக்குக் குத்தாததா? எத்தினி ஊக்கு குத்திக்கீறானுங்க. இப்ப வாத்தியாரம்மா ஆனவொடனே தோலு மெல்லிசாயிடுச்சா?”

“மெய்தான். இந்த ரவிக்கையில ஓட்ட இல்லாத எடம் இல்ல. அதனாலதான் சொல்றேன், அவளுக்கு வேணாம்.”

அவன் எழுந்து சைக்கிள் ஸ்டாண்டை உதைத்தான். “சுப்பராயா, உன் பேரு நம்ம மனசுல கீது. உங்க அக்காவாண்ட பேசு” என்று சொல்லிவிட்டுப் போனான்.

சுப்பராயன் சாப்பிட உட்கார்ந்தான். பழவேற்காட்டுக் கருவாட்டுக் குழம்பு. களியைப் பிட்டு வைத்துக்கொண்டு முழுங்காமல் இருந்தான்.

“அக்கா, ஒம்போது வருசம்.”

“தெரியும்டா.”

“ஒரு ஊக்கு. ஒரு கும்புடு. அவ்ளோதானே கேக்கறான்? நீ செஞ்சதே இல்லியா?”

“செஞ்சேன். உன்னப் படிக்க வைக்கசொல்ல செஞ்சேன். உன் கண்ணாலத்துக்குச் செஞ்சேன். நான் செஞ்சது என் ஒடம்பு. இது சாராள் ஒடம்பு. அத்த எடுத்து உன் வேலைக்கு எப்டிடா ஊக்கு குத்தறது?”

“அண்ணி,” என்றாள் பங்கஜவல்லி, “பர்மனென்ட் ஆயிட்டா கை கால் போனாக்கூட கம்பெனி பாத்துக்கும். இப்ப இவுரு மேல இரும்பு கொட்டுனா யாரு கேப்பா? மூணு பசங்க கீது. நீயும் இந்தச் சோத்ததான் துன்ற.”

கன்னியம்மா தட்டைத் தள்ளி வைக்கவில்லை. தின்றுகொண்டே சொன்னாள், “துன்றேன். இல்லன்னு சொல்லல. நாளைக்கி சாராளாண்ட கேக்கறேன். அவ சரின்னா சரி.”

மறுநாள் மண்மேட்டில் கேட்டாள். எதையும் மறைக்காமல், தம்பி வேலை விஷயத்தையும் சேர்த்தே கேட்டாள். சாராள் சல்லடையைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

“யக்கா, இவன் கூலி குடுக்கசொல்லவே வெரல புடிச்சிக்கினுதான் குடுப்பான். அத்த வெளிய சொன்னதில்ல. மேடையிலயும் அவன் கை பட்டா நான் எங்க போயி நிக்கறது? நான் நிறுத்த மாட்டேன். சுப்பராயண்ணனுக்குப் பேஜாராயிடும். தெரியுது. ஆனா நிறுத்த மாட்டேன்.”

பக்கத்தில் நின்ற ஜெயராஜுக்கு விரல் விஷயம் அப்போதுதான் தெரிந்தது. “ஏறட்டும் அவன். கால ஒடச்சி உலையில போடறேன்.”

“நீ பொணம்” என்றாள் கன்னியம்மா. “நீ எழுந்தின்னா சண்டையாயிடும். சண்டையானா நாடகம் நின்னுடும். நின்னுட்டா அவன் கெலிச்சான். புரியுதா?”

“எப்டி யக்கா படுத்துக்கினு இருக்கறது?”

“அதுதான் நடிப்பு. இத்தினி நாளா வசனம் இல்லன்னு சிரிச்சிக்கினு இருந்தியே. இந்த நாடகத்துலயே கஷ்டமான வேசம் உன்னுதுதான்.”

சாயங்காலம் கரண்டு இருக்குமோ இருக்காதோ என்று நாடகத்தைப் பகலிலேயே வைத்துக்கொண்டார்கள். பூஜை முடிந்து பொரியும் சுண்டலும் கொடுத்தாயிற்று. இரும்பு அச்சுப்பெட்டிகளை அடுக்கி அதன்மேல் பலகை போட்ட மேடை. பின்னால் தார்ப்பாய். பேட்டரியில் ஓடுகிற மைக்கு. கூரையில் தகரம் பெயர்ந்த இடத்தில் வெயில் நேராக மேடைமேல் விழுந்தது. மண் சலிக்கிற பெண்கள் முதல்தடவையாக முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். முதலாளி வீட்டார் நாற்காலியில். சின்னதுரை வெள்ளைச் சட்டை போட்டு, நோட்டை நாலாக மடித்து மேல்பையில் தெரிகிற மாதிரி வைத்திருந்தான்.

பிணக்காட்சிக்கு முன்னால் கன்னியம்மாவே ஜெயராஜின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். நாடகக் கட்டு இல்லை, நிஜமாகப் பிணத்துக்குப் போடுகிற கட்டு.

“வலிக்குதுக்கா.”

“பொணத்துக்கு வலிக்காது.”

சாராள் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. சல்லடை இல்லாமலே கை மட்டும் காற்றில் சலித்தது. முன்வரிசையில் ஒரு பெண் வாயில் தலைப்பை அமுக்கிக்கொண்டாள். அடுத்தது, மேஸ்திரியின் ஆள் வந்து ஈமச் செலவுக்கென்று ஒரு நோட்டை நீட்டிக் கைநாட்டுக் கேட்கிற இடம். அந்த வேஷம் போட்ட அரசப்பன் கையில் காகித நோட்டோடு தார்ப்பாய்க்குப் பக்கத்தில் தயாராக நின்றான்.

அப்போதுதான் சின்னதுரை மேடையில் ஏறினான். மைக்கில், “நமது மேஸ்திரி சின்னதுரை அவர்கள், சகோதரி சாராள் நடிப்பைப் பாராட்டி, அன்பளிப்பு ரூபாய் ஐந்து” என்று குரல் வந்தது. கலியனின் விரல்கள் பழக்கத்தில் இரண்டு சுரம் ஓடிவிட்டு, சுட்டதுபோல் எழுந்துகொண்டன.

“இந்தா, எழுந்து நில்லு பொண்ணு” என்றான் சின்னதுரை தணிந்த குரலில். ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் ஊக்கு.

சாராள் அவனைப் பார்க்கவில்லை. கை சலித்துக்கொண்டே இருந்தது. கீழே ஜெயராஜின் வலது முஷ்டி மெல்ல இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது. கன்னியம்மா ஓரத்திலிருந்து அதையே பார்த்தாள். வயிறு ஆடவில்லை.

“இப்ப நான் போறதா வேணாமா யக்கா?” என்று பதறினான் அரசப்பன். அவள் அவன் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தாள். அவன் ஒரு எட்டு வைத்தான். இழுத்து நிறுத்தினாள்.

“உன் வேசத்துக்கு ஆள் வந்துட்டான்” என்றாள்.

சாராள் ஓரப்பார்வையால் அரசப்பன் வரவில்லை என்று பார்த்தாள். வாத்தியாரம்மாவின் கை அவன் சட்டையில் இருப்பதையும் பார்த்தாள். மெதுவாகத் தலையைத் தூக்கி, ஊக்கையும் நோட்டையும் பிடித்தபடி நின்றவனின் முகத்தைப் பார்த்தாள். அரசப்பனிடம் சொல்ல வேண்டிய வசனத்தை, ஓர் எழுத்து மாற்றாமல், அவனிடம் சொன்னாள்.

“இதான் நீ போட்ட வெலயாய்யா? வெந்து செத்தவனுக்கு இதான் வெலயா? எண்ணிப் பாத்துதான் குடுக்கறியா, எண்ணாம குடுக்கறியா?”

சின்னதுரை திரும்பி மைக்குக்காரனைப் பார்த்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“சொல்லுய்யா. உன்னாண்டதான் கேக்கறேன். எம்புருசன் இங்க கெடக்கறான். அவனுக்குக் கேக்கற மாதிரி சொல்லு.”

பிறகு முன்வரிசையிலிருந்து, சலிக்கிற பெண்களில் ஒருத்தி, “கேக்குறா இல்ல மேஸ்திரி, வாயத் தொற” என்றாள். இன்னொருத்தி சிரித்தாள். சிரிப்பு பின்னால் போய், உலைக்காரர்கள் நின்ற இடத்தில் வெடித்தது. சின்னதுரைக்கு ஏறிய வழி மறந்துபோயிற்று. தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக இறங்கினான். ஊக்கு பலகைமேல் விழுந்து கிடந்தது.

நாடகம் நிற்கவில்லை. சாராள் பிணத்தின் நெஞ்சில் கையை வைத்து மிச்ச வசனத்தையும் சொன்னாள். படுதா விழுந்த பிறகும் ஜெயராஜ் எழுந்திருக்கவில்லை. கட்டை அவிழ்த்துவிட்டால்தானே எழ முடியும்.

அடுத்த வாரம் பர்மனென்ட் ஆனவர்களின் பேரைக் கேட்டில் வாசித்தார்கள். சுப்பராயன் பேர் இல்லை. மாசக் கடைசியில் அவனுக்கு வேலையும் இல்லை. ஜெயராஜும் சாராளும் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனார்கள். போன இடத்திலும் அவர்கள் நாடகம் போட்டார்கள். அங்கே ஊக்கோடு ஏற வந்தவனை ஆட்களே கீழே உட்காரவைத்தார்கள் என்று தகவல் வந்தது.

சுப்பராயன் செங்கல் சூளையில் மண் மிதிக்கப் போனான். அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டான். வீட்டை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை. பங்கஜவல்லிதான் ஒருநாள் கூழை ஊற்றிவிட்டுச் சொன்னாள்.

“நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லல அண்ணி. நானும் அன்னிக்கி சிரிச்சேன். ஆனா அத்த ஒலையில போட்டு ஆக்க முடியல.”

கன்னியம்மா அன்றிலிருந்து, எந்தக் கம்பெனி ஆட்கள் நாடகத்துக்குக் கூப்பிட வந்தாலும் முதல் வார்த்தையாக, “எனுக்கு அரிசி வேணாம். என் தம்பி நல்லா அச்சு அமுக்கற மோல்டரு. உள்ள ஒரு வேல கெடைக்குமா?” என்று கேட்டாள். பார்க்கிறோம் வாத்தியாரம்மா என்றார்கள். பார்த்தார்கள். கிடைக்கவில்லை. சின்னதுரையின் சொல் எல்லாக் கம்பெனிக் கேட்டுக்கும் அவளுக்கு முன்னால் போயிருந்தது.

ஒரு மழைக்காலம். சூளை நின்றுபோய் சுப்பராயன் வீட்டிலேயே கிடந்தான். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தான்.

“தப்பாப் போச்சுடான்னு ஒரு வார்த்த சொல்லுக்கா. போதும். மனசு ஆறிடும்.”

கன்னியம்மா காலை நீட்டியபடி அவனைப் பார்த்தாள்.

“சொல்ல மாட்டேன். நாளைக்கே அவன் மறுபடி ஏறுனாலும் அரசப்பன் சட்டைய அப்டித்தான் புடிச்சி இழுப்பேன். உன்ன ஏமாத்தி ஒரு மன்னிப்பு கேட்டா, அது நடிப்பு. உன்னாண்ட நான் நடிக்க மாட்டேன்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஆனா ஒண்ணு. அவ சரின்னா சரின்னு நான்தான் சொன்னேன். உன்னக் கேக்கல. உன் வேலைய எடுத்து நான் செலவு பண்ணிட்டேன். அது கடன். இல்லன்னு எவனாண்டயும் சொல்ல மாட்டேன்.”

அதற்கப்புறம் அவள் இன்னும் பல பேருக்கு அழவும், சிரிக்கவும், செத்துக் கிடக்கவும் சொல்லிக்கொடுத்தாள். சுப்பராயன் மண் மிதித்துக்கொண்டிருந்தான். ஆரணி கன்னியம்மாள் தன் தம்பி சுப்பராயனுக்கு ஒரு பர்மனென்ட் வேலை பாக்கி. அதை அவள் இன்னும் தீர்க்கவில்லை.